வீட்டுத் தமிழைக் கற்க வந்த மாமுனிவர்



நம் பங்கின் பொன்விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டுக் கொண்டனர். மறைசாட்சிகள், புனிதர்கள், நம் மறைமாவட்டத்துக்கு உழைத்த ஆயர்கள் எனப் பலருடைய பெயர்கள் எம் நினைவுக்கு வந்தன. இறுதியில் நாம் தேர்ந்து கொண்டவர் வீரமாமுனிவர். தேம்பாவணியைப் பாடிய புலவர் என்று பள்ளிப் பாடத்தில் நாம் அனைவரும் அவரைப் படித்திருக்கிறோம். அந்தப் பெருமையை எடுத்துச் சொல்ல அறிஞர் பலர் உண்டு. நாம் சொல்ல வந்தது வேறொன்று. நம் வீட்டு அடுப்படியிலும் தோட்டத்திலும் சந்தையிலும் வழங்கும் தமிழை அவர் எவ்வாறு மதித்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஏன் இப்பொருளைத் தேர்ந்தோம் என்பது கட்டுரையின் முடிவில் விளங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுவோம். வீரமாமுனிவர் நம் கொங்கு நாட்டில் பணியாற்றினார் என்று உரிமை கொண்டாட நாம் முன்வரவில்லை. அவர் பெரிதும் உழைத்தது காவிரி, கொள்ளிடக் கரைகளிலும் அதற்கு வடக்கேயும் தெற்கேயும் ஆகும். ஆயினும் அவர் செய்த ஒரு வேலையின் பயன் நம் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது.

பிறப்பும் வருகையும்

இத்தாலி நாட்டில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்னும் ஊர் இருக்கிறது. நம் இளைஞர்களின் பாதுகாவலரான புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அதுவே. அவ்வூரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்தான்ஸோ ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1709-இல் குருப்பட்டம் பெற்றார். 1710-இல் கோவாவை வந்தடைந்து, 1711-இல் மதுரை மறைப்பணித்தளத்தில் கால் வைத்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவராக வந்தவர் அவர்.

கான்ஸ்தான்ஸோ என்னும் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று பெயர் வைத்துக் கொண்டார். வீரமாமுனிவர் என்பது பிற்காலத்தில் வழங்கிய சிறப்புப் பெயர். தொடக்க ஆண்டுகளில் தென்பகுதியில் காமநாயக்கன்பட்டி முதலிய இடங்களில் பணியாற்றினார். பின்னர் அரியலூர்ப் பக்கம் ஏலாக்குறிச்சி அவருக்கு நிலைத்த இடமாயிற்று. அங்குள்ள அடைக்கல மாதா ஆலயத்தையும், கோனான்குப்பம் பெரியநாயகி மாதா ஆலயத்தையும் தரிசிக்கச் செல்லும் நம் மக்கள் இன்றும் அவர் பெயரைக் கேட்டு வருகின்றனர்.

இரு வகைத் தமிழ்

தமிழகம் வந்த மறைப்பணியாளர் எவரும் முதலில் எதிர்கொண்ட இடர் மொழியே. அவருக்கு முன்னரே அன்ரீக்கே அடிகளார் முத்துக்குளித்துறை மக்களின் பேச்சைக் கற்று, 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தமிழில் உரைநடை நூல்கள் பல எழுதினார். அத்தத்துவ போதகரே 1623-இல் சேலம், சேந்தமங்கலம் பகுதிகளுக்கு வந்து நம் கொங்கு எல்லையில் மறையின் வித்தை ஊன்றினார்.

பெஸ்கி அடிகளார் இவ்விருவரும் நடந்த வழியிலே வந்தவர். தமிழில் இரண்டு வழக்குகள் அருகருகே ஓடுவதை அவர் கண்டார். ஒன்று புலவர்கள் போற்றும் செந்தமிழ். மற்றொன்று மக்கள் பேசும் தமிழ். இதனை அக்காலத்தார் கொடுந்தமிழ் என்றனர். கொடுமை என்னும் சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. கொடு என்பதற்கு வளைந்த என்பது பொருள். செம்மையான நேர்வழியிலிருந்து வளைந்து நெளிந்து செல்லும் தமிழ் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வளைந்து செல்வது தானே வாய்க்கால்? வயலுக்குத் தண்ணீர் அதன் வழியாகத்தான் பாய்கிறது.

இந்த வேறுபாடு அவருக்குப் புதிதன்று. அவர் பிறந்த இத்தாலியிலும் கற்றோர் மொழி இலத்தீன்; கோவில் மொழியும் இலத்தீன்; வீட்டிலே தாய் பேசியது வேறு. மக்கள் மொழிக்கும் மதிப்பு உண்டு என்று தாந்தே என்னும் பெரும்புலவர் அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே வாதிட்டு, அம்மொழியிலேயே காவியமும் பாடியிருந்தார்.

செந்தமிழை அடிகளார் ஆழ்ந்து கற்றார். 3,615 பாடல்களில் புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணி பாடினார். ஐந்திலக்கணம் கூறும் தொன்னூல் விளக்கம் இயற்றினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தார். இத்துணைப் புலமை பெற்ற ஒருவர், தெருவில் பேசும் தமிழைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நாம் எண்ணுவோம். அவரோ அதற்கென்றே தனியாக ஓர் இலக்கணம் எழுதினார்.

கேட்பதற்கென்று ஒரு தமிழ்

1728-ஆம் ஆண்டு அடிகளார் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதி முடித்தார். புதிதாக வரும் குருக்கள் மக்களின் பேச்சைக் கற்றுக் கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிற்காலத்தில் பேச்சுத் தமிழ்ச் சொற்களுக்கு இலத்தீனில் பொருள் கூறும் அகராதி ஒன்றையும் தொகுத்தார். செந்தமிழுக்கு இலத்தீனில் வேறோர் இலக்கணம் எழுதினார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல், ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளாமல், இரண்டுக்கும் தனித்தனியே நூல் செய்தார்.

இது எத்துணை பெரிய செயல் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இலக்கணம் என்பது புலவர் மொழிக்கு மட்டுமே உரியது என்றிருந்த காலம் அது. பேச்சு மொழி பிழையின் குவியல் என்று கருதப்பட்டது. அதற்கும் ஒழுங்கு உண்டு, அதற்கும் விதிகள் உண்டு, அதனையும் முயன்று கற்க வேண்டும் என்று அவர் நூலெழுதிக் காட்டினார்.

ஒரு குருவானவருக்கு இது ஏன் தேவைப்பட்டது? பிரசங்கம் செய்வதற்குச் செந்தமிழும் போதும். பேசுகிறவர் தாம் விரும்பும் சொல்லைத் தேர்ந்து கொள்ளலாம். கேட்கிறவருக்கு அந்த உரிமை இல்லை. வயலிலிருந்து வந்த ஒரு விதவைத் தாய் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட்டுத் தன் மனச்சுமையை இறக்கி வைக்கிறாள். அவள் நிகண்டைப் பார்த்துச் சொல் எடுக்க மாட்டாள். நோயாளி ஒருவர் அவஸ்தைப் பூசுதல் பெறும் வேளையில் முணுமுணுக்கும் சொல்லுக்கு இலக்கண நூலில் விளக்கம் கிடையாது. அந்த மொழியை அறியாத குரு, அந்த ஆன்மாவையும் அறிய மாட்டார். எனவே செந்தமிழை அவர் பாடுவதற்கும் எழுதுவதற்கும் கற்றார். வீட்டுத் தமிழைக் கேட்பதற்கென்றே கற்றார் என்று நாம் சொல்லத் துணிகிறோம்.

உபதேசியார்களுக்காக 1727-இல் அவர் எழுதிய வேதியர் ஒழுக்கம், எளிய மக்கள் பாடி மகிழும் அம்மானை வடிவில் அமைத்த கித்தேரி அம்மாள் அம்மானை ஆகியவற்றையும் இந்நோக்கிலேயே காண வேண்டும். தேம்பாவணி புலவர் அவைக்கு. அம்மானை வீட்டுத் திண்ணைக்கு.

சிரிக்க வைத்த சாமியார்

நம் வீடுகளில் அப்புச்சியும் அமுச்சியும் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஆற்றைக் கடந்த சீடர்கள் தம்மை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஓர் ஆள் குறைகிறது. ஆற்றோடு போய்விட்டான் என்று எல்லாரும் அழுகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கிய கதையும் அப்படித்தான். இவையெல்லாம் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையில் உள்ளவை என்பதை அறியாமலே நம் பெரியோர் சொல்லி வந்தனர்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களையும் அவர்களுடைய குருவையும் வைத்து அடிகளார் இக்கதையை எழுதினார். மொழி பயிலும் குருக்களுக்குப் பாடமாகவும் இது அமைந்தது; தாமே இலத்தீனிலும் பெயர்த்து வைத்தார். இதன் நடை முழுப் பேச்சு வழக்கு என்று கூற இயலாது. ஆனால் பேசுவோர் வாயை ஒட்டிச் செல்லும் நடை. படிக்கத் தெரியாதவரும் கேட்டுச் சிரிக்கும் நடை. தமிழில் கற்றோர் எதையும் செய்யுளிலே எழுதிய காலத்தில், உரைநடையில் நகைச்சுவைக்கு அவர் வழி திறந்தார். 1822-இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் இதனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலண்டனில் வெளியிட்டார்.

குருமாரைப் பற்றிச் சிரிப்பூட்டும் கதையை ஒரு குருவே எழுதினார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். தம்மைத் தாமே எண்ண மறந்த சீடர்களின் கதை, மற்றவர் குறையை எண்ணும்போது தன் குறையை விட்டுவிடும் நம் எல்லாருக்கும் நல்லதோர் ஆன்மசோதனை அல்லவா?

ஏட்டில் ஒரு சுழி

அடிகளார் தமிழுக்குச் செய்த உதவிகளில் சிறியதாகத் தோன்றிப் பெரிதாய் நிற்பது எழுத்துத் திருத்தம். முற்காலத்தில் எகரக் குறிலுக்கும் ஒகரக் குறிலுக்கும் மேலே புள்ளி வைப்பர். புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு பழுதாகும் என்று பெரும்பாலோர் புள்ளியை விட்டு விடுவர். அதனால் கெடு என்பதா கேடு என்பதா, தொடு என்பதா தோடு என்பதா என்று படிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. இக்குழப்பம் தீர, நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து இரட்டைச் சுழியாக எழுதும் முறையையும், ஏகார ஓகார எழுத்துகளுக்குத் தனி வடிவத்தையும் வழக்கிற்குக் கொண்டு வந்த பெருமை அவருக்கே வழங்கப்படுகிறது.

இதில் கொங்கு நாட்டாருக்குத் தனியாக ஒரு மகிழ்ச்சி உண்டு. ஏனுங்க என்று ஒருவரை மரியாதையுடன் அழைக்கிறோம். போங்கோ, வாங்கோ என்று வழியனுப்பி வரவேற்கிறோம். இச்சொற்களைத் தாளில் எழுதும்போது அந்த ஏகாரத்தையும் ஓகாரத்தையும் ஐயமின்றி எழுத நமக்கு உதவுவது அடிகளாரின் அந்தச் சுழியே. அவர் பயன் நம் வாசல் வரை வந்தது என்று தொடக்கத்தில் சொன்னது இதனைத்தான்.

எதிரணியார் அச்சிட்ட நூல்

அடிகளாரின் வாழ்வில் கசப்பும் உண்டு. அதனை மறைத்து எழுதுவது முறையன்று. தரங்கம்பாடியில் லுத்தரன் மறைப்பணியாளர் அப்பொழுது வேரூன்றி வந்தனர். சீகன்பால்க் ஐயர் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு அங்கே அச்சாகியிருந்தது. அடிகளார் அவர்களோடு கடுமையாக வாதிட்டார். வேத விளக்கம், பேதகம் மறுத்தல் முதலிய நூல்களில் அவர்தம் போதனையை மறுத்தார். அவர்களுடைய தமிழ் நடையையும் குறை கூறினார். இருபுறத்தும் சூடான சொற்கள் பறந்த காலம் அது. இன்று ஒன்றிப்பு வாரத்தில் ஒரே மேடையில் செபிக்கும் நமக்கு அச்சொற்கள் வருத்தம் தருவனவே.

ஆனால் ஒன்று நடந்தது. அடிகளாரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது எங்கே தெரியுமா? அதே தரங்கம்பாடியில், அதே லுத்தரன் மறைப்பணியாளரின் அச்சகத்தில்தான்! மக்களின் பேச்சைக் கற்க இதைவிட நல்ல நூல் இல்லை என்று கண்டபோது, அவர்கள் பகையைப் பாராட்டவில்லை. மறையைப் பற்றிய வாதத்தில் பிரிந்து நின்றவர்களை, வீட்டுத் தமிழ் ஒரே புத்தகத்தின் முன் அமர வைத்தது.

இறுதி நாட்கள்

அடிகளாரைப் பற்றிய செவிவழிக் கதைகள் பல. காவி உடுத்திப் பல்லக்கில் வந்தார் என்றும், சந்தா சாகிப்பின் அன்பைப் பெற்றார் என்றும் கூறுவர். இவற்றில் வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனவே அவற்றை விரிக்காது விடுகிறோம். 1740-க்குப் பின் திருச்சிராப்பள்ளிச் சீமை போரால் அலைக்கழிந்தது. அடிகளாரும் தென்திசை நோக்கி வந்து, இறுதியில் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் தங்கினார். அங்கே 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழருடன் வாழ்ந்தவர், தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1968-இல் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரீனாக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

நம் பங்கில் நடந்தது

இனி, இப்பொருளைத் தேர்ந்த காரணத்தைச் சொல்வோம். இம்மலருக்காக நம் பங்கின் முதியோரைக் கண்டு பழைய நினைவுகளைக் கேட்டு எழுத நாம் வீடு வீடாகச் சென்றோம். கட்டுத்தரை ஓரம் அமர்ந்து பேசிய ஒரு மூதாட்டி, ஓலைக் கொட்டகையில் பூசை நடந்த காலத்தை அத்தனை அழகாகச் சொன்னார். திருவிழாவுக்கு ஒறம்பரை வந்து சாளை நிறைந்ததையும், பொழுதோட வண்டி கட்டிக் கொண்டு பெரிய கோவிலுக்குப் போனதையும், சாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது அவருடைய அப்பாரு கஞ்சி கொண்டு போய்க் கொடுத்ததையும் அவர் சொல்லக் கேட்டு எம் கண்கள் கலங்கின.

தாளையும் பேனாவையும் நாம் எடுத்ததுதான் தாமதம், அவர் பேச்சு மாறி விட்டது. மேடையில் கேட்ட தமிழில் பேச முயன்றார். இரண்டு வாக்கியத்துக்குள் தடுமாறி, எனக்கு ஒழுங்காப் பேச வராதுங்க சாமி என்பது போல் கை கூப்பி நிறுத்திக் கொண்டார். அருகில் நின்ற பேத்தி, பாட்டியின் பேச்சைக் கேட்டு வாய் பொத்திச் சிரித்தாள்.

அதைவிட வருந்தத்தக்கது பின்னர் நாம் செய்தது. அவர் சொன்னதை எழுதியபோது ஒறம்பரையை உறவினர் ஆக்கினோம். சாளையைப் பண்ணை வீடு ஆக்கினோம். பொழுதோட என்பதை மாலை வேளையில் என்று மாற்றினோம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், பிழை ஒன்றும் இல்லை. அந்த மூதாட்டியும் அதில் இல்லை!

அன்றிரவு எமக்கு வீரமாமுனிவர் நினைவு வந்தார். கடல் கடந்து வந்த அந்நியர், இவர்களுடைய பேச்சைக் கற்க இலக்கணமும் அகராதியும் எழுதினார். இம்மண்ணில் பிறந்த நாமோ அதே பேச்சைத் துடைத்துக் கழுவிய பின்னரே மலரில் ஏற்றத் துணிந்தோம். நாம் செய்தது பிழையென்று உணர்ந்து, முதியோர் நினைவுகள் பகுதியை அவர்கள் சொன்னபடியே மீண்டும் எழுதினோம். சில இடங்களில் எழுத்து உங்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பெரியவர் குரல் கேட்கும்.

கொங்குப் பேச்சு எழுத்திலேறத் தகாதது என்று இனி எவரும் சொல்ல முடியாது. நம் பக்கத்து எழுத்தாளர் ஆர். சண்முகசுந்தரம் 1940-களின் தொடக்கத்திலேயே நாகம்மாள் நாவலில் இம்மக்களின் பேச்சை இலக்கியமாக்கினார். எழுத்தாளர் பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி வெளியிட்டார். திருச்சபையும் இதே வழியில் வந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் அளித்தது. இலத்தீன் பூசையில் பொருளறியாமல் பதில் சொல்லி வளர்ந்த நம் பெரியோர், தமிழில் முதன்முறை பூசை கண்ட நாளை இன்றும் சொல்லி மகிழ்கின்றனர்.

இதனால் செந்தமிழ் வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். நன்னூல் தந்த பவணந்தி முனிவரைத் தம் மண்ணின் மைந்தராகப் போற்றும் நாடு இது. கோவையாரும் நெல்லையாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒன்றாய்ப் படிக்கப் பொதுத்தமிழ் தேவை. நம் பிள்ளைகள் அதனைப் பிழையறக் கற்க வேண்டும். அதே பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் ஆத்தாவிடம் ஆத்தாவின் தமிழிலே பேச வேண்டும். இரண்டையும் கற்று, இரண்டையும் மதித்த அடிகளாரே நமக்கு முன்மாதிரி.

ஆகவே பங்கு மக்களுக்கு எம் பணிவான வேண்டுகோள் இதுவே. இவ்விழா நாட்களில் மாலைச் செபம் முடிந்ததும், வீட்டிலுள்ள முதியவர் ஒருவரை அருகே அமர்த்திக் கோவில் கட்டிய கதையைக் கேளுங்கள். அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். அவர் சொல்லும் சொல் உங்களுக்கு விளங்காவிட்டால் சிரிக்காதீர்கள். பொருள் கேட்டு எழுதி வையுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இத்தாலியக் குருவானவர் தமிழ் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்த வேலை அதுதான். பேரப் பிள்ளைகள் அதைச் செய்தால், இம்மலரில் இடம் பெறாத பல கதைகள் அடுத்த விழா மலருக்காவது கிடைக்கும்.